பச்சை அட்டை இதழில் தவறிய புள்ளி

1. மடுல்கெல்லையிலிருந்து ஓர் அழைப்பு

"மிஸ், எங்கிட்ட மொத்தமே நாலு அம்பியூல் ஊசிமருந்துதான் இருக்கு. நீங்க அஞ்சு மில்லின்னு போட்டிருக்கீங்க. அஞ்சாவதுக்கு நான் எங்க போறது?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் ஞானமுத்து. மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தார். தோட்ட ஆஸ்பத்திரியில் போன் கிடையாது. ஃபெக்டரி ஆபீசுக்கு நடந்து வந்து, தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

மருந்து போதவில்லை என்று குறைசொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். "கண்டியில வாங்கிக்கலாம் ஐயா, ஸ்டோர்ஸுக்கு ஒரு கடிதம் போடுங்க" என்று சொல்லிவிட்டு வைக்கப் பார்த்தேன்.

"இல்ல மிஸ், கொஞ்சம் கேளுங்க. இருபத்திரெண்டு வருஷமா ஊசி போடுறேன். ஒரு அம்பியூல்ல ஒரு மில்லி. அதுல பாதி போட்டாலே ஆளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். அஞ்சு போட்டா நின்னே போயிரும். பெரிய டாக்டர் ஏதோ புதுசா கண்டுபிடிச்சிருக்காரோ என்னமோன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். எதுக்கும் கேட்டுட்டுச் செய்வோம்னுதான்."

"கொஞ்சம் இருங்க ஐயா" என்று ரிசீவரை மேசையில் வைத்தேன். அலுமாரியைத் திறந்து, குளவி கொட்டினால் செய்ய வேண்டிய வைத்தியம் பற்றி நாங்கள் தோட்டங்களுக்கு அனுப்பியிருந்த கட்டுரையின் கோப்பை எடுத்தேன். நானே டைப் செய்த பிரதியின் ஆறாம் பக்கத்தில் அட்ரினலின் அளவு .5 என்று இருந்தது. அச்சான இதழில் அதே வரியில் வெறும் 5. முன்னால் இருந்த புள்ளியைக் காணோம்.

"ஐயா, அரை மில்லி. அஞ்சு இல்ல. அரை."

"நெனச்சேன்" என்றார் ஞானமுத்து. "அப்ப மத்தத் தோட்டத்துக்கெல்லாம் யாரு சொல்றது?"

2. நான் யார், அந்த இதழ் எது

நான் பிறந்தது ஹந்தானையில், தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தார். எஸ்.எஸ்.சி. முடித்து, கண்டி டவுனில் ஒரு டைப்பிங் வகுப்பில் படித்து, டொக்டர்மார் சேர்ந்து நடத்திய ஒரு சிறு சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. சங்கத்துக்கு இரண்டே அறைகள். ஒன்று கந்தோர் என்று நாங்கள் சொல்லும் ஆபீஸ், மற்றது நூலகம். நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஸவாஹிர் நானா, அக்குறணைக்காரர். சங்கத்தின் செயலாளர் டொக்டர் சிவப்பிரகாசம், யாழ்ப்பாணத்தவர்; நாங்கள் அவரை 'சேர்' என்று கூப்பிடுவோம். மூவரும் மூன்று விதமான தமிழ் பேசினோம். சண்டை வந்ததில்லை.

நூலகத்தில் நீளமான கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அதில் இந்தியாவிலிருந்து வரும் ஒரு மருத்துவ இதழ் மட்டும் ஆண்டு வாரியாக பைண்ட் செய்து அடுக்கப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய இதழ். அட்டை எப்போதும் பச்சை என்பதால் எங்கள் வாயில் அதன் பெயர் 'பச்சை அட்டை'. கண்டியில் ஒரு டொக்டரின் கட்டுரை அதில் வந்துவிட்டால் அவர் ஒரு மாதத்துக்குத் தலை நிமிர்ந்து நடப்பார்.

சிவப்பிரகாசம் சேர் மூன்று வருடமாகக் குளவி கொட்டுவதைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்து வைத்திருந்தார். தேயிலை மலையில் குளவி என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செடிக்குள் கூடு இருப்பது தெரியாமல் கையை விட்டால் அந்த நிரையில் கொழுந்து எடுக்கும் அத்தனை பேரையும் கொட்டும். சிலருக்கு வீங்கி வடிந்துவிடும். சிலருக்குத் தொண்டை அடைத்து, அரை மணி நேரத்தில் ஆள் போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்குள் தோட்ட ஆஸ்பத்திரியிலேயே என்ன செய்யலாம் என்பதுதான் கட்டுரை. பச்சை அட்டை அதை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்று, சேர் எங்கள் இருவருக்கும் கேக் வாங்கித் தந்தார்.

சில மாதங்களில், அச்சிடுமுன் பிழை பார்ப்பதற்கான புரூஃப் வந்தது. நீளமான தாள்கள். ஐந்து நாட்களுக்குள் திருத்திக் கையெழுத்து வைத்து விமானத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். சேர் அந்தக் கிழமை முழுவதும் கொழும்பில். போனில் கேட்டேன்.

"நீர்தானே ரைப் பண்ணினது பிள்ளை, நீரே பாத்து அனுப்பிவிடும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கார்பன் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒரு முழுநாள் வாசித்தேன். பதினொரு பிழை கண்டுபிடித்தேன். ஹந்தானையின் எழுத்துக்கூட்டல் தவறாக இருந்ததைத் திருத்தியபோது, என் ஊரின் மானத்தையே காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, செயலாளருக்காக என்று என் பெயரைப் போட்டேன்.

கார்பன் பிரதியில் அந்தப் புள்ளி இருந்தது. மங்கலாக இருந்தது. புரூஃபில் இல்லை. நான் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இதழ் வந்ததும் கட்டுரையின் தனிப்பிரதிகளையும் அனுப்பியிருந்தார்கள். தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய விஷயம் என்று சொல்லி, கண்டியைச் சுற்றியுள்ள நாற்பத்தொரு தோட்ட ஆஸ்பத்திரிகளுக்கு சேர் அவற்றைத் தபாலில் போடச் சொன்னார். நாற்பத்தொரு உறையிலும் முகவரி எழுதியது நான்தான்.

3. நாற்பத்தொரு தோட்டங்கள்

சேர் ஆஸ்பத்திரி வார்ட்டிலிருந்து வந்ததும் இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். முகம் வெளுத்துப்போனது. ஆனால் சத்தம் போடவில்லை.

"முதல்ல தோட்டங்கள். மற்றதெல்லாம் பிறகு. லிஸ்ட் இருக்கே?"

"இருக்கு சேர்."

"கொண்டு வாரும்."

அன்று மூவரும் பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். போன் உள்ள ஃபெக்டரிகளுக்கு நான் ட்ரங்க் கோல் போட்டேன். ஸவாஹிர் நானா தபால் கந்தோருக்குப் போய்த் தந்தி கொடுத்தார். சேர் காரை எடுத்துக்கொண்டு, போன் கிடைக்காத மேட்டுத் தோட்டங்களுக்குப் போனார். போனில் வெறுமனே "அரை" என்று சொல்லிவிட்டு நான் விடவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவர் பேனாவை எடுத்து 5-ஐ வெட்டி, 'அரை' என்று எழுத்தில் எழுதி, எனக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சிலருக்குக் கோபம் வந்தது. "எத்தன தரம் சொல்றது தாயி, எழுதிட்டேன்னு சொல்றேன்ல?" என்றார் ஒருவர். "வாசிங்க ஐயா" என்றேன். வாசித்தார்.

புதன்கிழமை மாலைக்குள் நாற்பது தோட்டங்களுக்குப் பக்கத்தில் கோடு விழுந்தது. ஒன்று மட்டும் மிச்சம். கலஹாவுக்கு அப்பால் உள்ள தோட்டம். போன் லைன் அறுந்திருந்தது. தந்திக்குப் பதில் இல்லை.

வியாழன் காலை நான் கலஹா பஸ்ஸில் ஏறினேன்.

4. சுவரில் ஒட்டிய தாள்

பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. ஆஸ்பத்திரி என்பது இரண்டு கட்டில் போட்ட ஒரு கட்டடம். டிஸ்பென்சர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். மிட்வைஃப் ஓர் அம்மா, ராசாத்தி என்று பெயர், தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவர். எங்கள் கட்டுரையில் மருந்தின் அளவு இருந்த பக்கம் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

"பெரிய டாக்டர் அனுப்புனது. கலையாம இருக்கட்டும்னு ஒட்டி வச்சிட்டுப் போனாரு எங்க டிஸ்பென்சர் ஐயா" என்றார் ராசாத்தி அம்மா.

"யாருக்காவது குளவி கொட்டிச்சாம்மா? இந்தத் தாள் வந்த பொறகு?"

"போன கிழமை ரெண்டு பேருக்கு. ஒரு பொம்பளைக்குக் கண்ணெல்லாம் மூடிப்போச்சு. மூச்சும் இழுத்துச்சு."

 பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன். "ஊசி போட்டீங்களா?"

"எங்கேருந்து போடுறது? மருந்து முடிஞ்சு ஒரு மாசம். லொறியில ஏத்திக் கண்டிக்கு அனுப்பிட்டோம். நேத்துத் திரும்பி வந்துட்டா. நாளைக்கு வேலைக்குப் போறேங்கிறா. ஏன் மிஸ், என்ன ஆச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் பார்க்காமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் மேசையிலிருந்த பிளேடை எடுத்தார். தாளைச் சுரண்டி எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்கம்மா. திருத்துவோம். எடுத்துட்டா, ஒங்க ஐயா பழைய ஞாபகத்துல அஞ்சுன்னே நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

ஸ்டூலில் ஏறி 5-ஐ வெட்டினேன். பெரிதாக 'அரை மில்லி' என்று எழுதினேன். அவரையே வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். திரும்பும்போது பஸ் நிறையச் சனம். நின்றுகொண்டே வந்தேன். அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

5. அலுமாரியில் இருந்த பதில்

வெள்ளிக்கிழமை நான் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர்களாக நிறுத்துவதற்குள் நானே போய்விடலாம் என்று ஒரு ரோசம்.

சேர் அதை வாசித்துவிட்டு மடித்தார். "இதை விடும். தோட்டங்கள் எல்லாம் சரி. இனி இந்தக் கதை இதோட முடியட்டும்."

"இதழுக்கு எழுத வேணாமா சேர்?"

"என்னத்துக்கு? பிழை அச்சகத்தின்ரை. அங்கை இருக்கிற டொக்டர்மார் இதைப் பாத்து அஞ்சு மில்லி போடமாட்டினம். அவைக்குத் தெரியும். இன்னும் மூண்டு மாசத்திலை எனக்கு இங்கிலாந்துக்குப் போற நேர்முகம் இருக்கு. அவையின்ரை கையிலை இந்தக் கட்டுரை இருக்கும். அதுக்குப் பக்கத்திலை பிழைதிருத்தம் எண்டு ஒண்டு வந்தா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாரும்."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருட உழைப்பு. கெடுத்தது நான். ஆனால் இந்தியாவிலும் தேயிலை மலைகள் இருக்கின்றன. அங்கேயும் தனியாக ஒரு மிட்வைஃப் இருப்பார். அவருடைய அலுமாரியில் மருந்து தீராமல் இருக்கலாம். இதை அவரிடம் சொல்லாமல் வெளியே வந்தேன்.

மதியம் நூலகத்தில் ஸவாஹிர் நானாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்.

"இந்த இதழ் எவ்வளவு காலமா வருது தங்கச்சி? இவ்வளவு காலத்தில ஒருத்தருமே பிழை விடல்லயா? பாப்போமே."

இரண்டு நாள் நாங்கள் அந்த அலுமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த இதழின் வரலாற்றை நான் படித்தது அப்படித்தான். தொடக்க காலத் தொகுதிகள் மெலிந்தவை, மூன்று மாதத்துக்கு ஒன்று. எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பட்டாளத்து டொக்டர்மார். உலக யுத்த வருடங்களில் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. ஆனாலும் ஓர் இதழ்கூட நிற்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர்கள் மாறின. பிறகு அது மாத இதழானது. எக்ஸ்-ரே படங்கள் வழவழப்பான தாளில் வந்தன. ஒவ்வொரு கட்டுரையையும் துறை தெரிந்த இரண்டு பேர் பெயர் சொல்லாமல் படித்துக் கேள்வி கேட்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்பதும் ஓர் ஆசிரியர் குறிப்பில் இருந்தது.

"இந்தா, இதில ஈக்கிது பாருங்க" என்றார் நானா.

ஒரு பக்கத்தின் அடியில் சின்னப் பெட்டி. பிழைதிருத்தம். அதற்கு முந்திய வருடம் இன்னொன்று. அதற்கு முன்பும். துண்டுத் தாள் செருகி எண்ணிக்கொண்டே போனோம். ஒரு பழைய தொகுதியில் இதழின் ஆசிரியரே தன் கட்டுரையில் மருந்தின் நிறையைத் தவறாக எழுதிவிட்டதாகவும், தவறு அச்சகத்துடையது அல்ல, தன்னுடையதே என்றும் போட்டிருந்தார். அவர் பெயருக்குக் கீழே பட்டங்களாக ஒரு வரி நிறைய எழுத்துகள்.

அந்தத் தொகுதியைத் தூக்கிக்கொண்டு போய் சேரின் மேசையில் திறந்து வைத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மனிசன் இதுக்குப் பிறகும் ஆசிரியரா இருந்தவரோ?"

"பன்னிரண்டு வருஷம் இருந்திருக்காரு சேர். நானா பாத்தாரு."

சேர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஓம். எழுதும். நான் சொல்லுறன்."

அவர் சொன்னதில் ஒரு வரியை நான் மறுத்தேன். அச்சகத்தின் கவனக்குறைவு என்று ஆரம்பித்தார். "சேர், புரூஃபில கையெழுத்து என்னுடையது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "எங்கடை" என்றார். "எங்கடை கந்தோரிலை சரிபார்த்து அனுப்பினது. அப்படிப் போடும்."

கடிதத்தின் முடிவில் என் யோசனை ஒன்றையும் சேர்க்க அனுமதி கேட்டேன். புள்ளிக்கு முன்னால் ஒரு பூச்சியம் போட்டு எழுதினால் புள்ளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அல்லவா?

"போடும்" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

6. பதில்

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கழித்துப் பதில் வந்தது. பிழைதிருத்தம் அடுத்த இதழிலேயே, உள்ளே எங்கோ ஒரு மூலையில் இல்லாமல், பொருளடக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வந்தது. அதைவிட எனக்குப் பெரியது, கட்டுரையாளர்களுக்கான விதிமுறைகளில் சேர்ந்த ஒரு வரி. ஒன்றுக்குக் குறைந்த எந்த அளவையும் பூச்சியத்தோடு தொடங்குக. மருந்தின் அளவை எழுத்திலும் எழுதுக. யார் சொன்னது என்று அங்கே போடவில்லை. போட வேண்டியதுமில்லை.

சேரின் நேர்முகம் நல்லபடி முடிந்தது. அந்தப் பிழைதிருத்தத்தை அவராகவே எடுத்துக் காட்டினாராம். இங்கிலாந்து போய் ஒரு வருடத்தில் திரும்பி வந்தார். என்னுடைய ராஜினாமாக் கடிதத்தை அவர் என்ன செய்தார் என்று இன்றுவரை தெரியாது. பிழை நடந்த அந்த வருடக் கடைசியிலேயே என் வேலை நிரந்தரமானது.

7. தகைமை என்ற கட்டம்

இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்ததும் சேர் செய்த முதல் வேலை மடுல்கெல்லைக்குப் போனது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஞானமுத்து ஒரு பழைய கொப்பியை எடுத்து வைத்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் குளவி கொட்டிய ஒவ்வொருவரையும் எழுதி வைத்திருந்தார். பெயர், எந்த மலை, எத்தனை கொட்டு, எத்தனை நிமிடத்தில் வந்தார், என்ன கொடுத்தது, என்ன ஆனது. சேர் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதை ஏன் ஒருத்தரிட்டையும் காட்டேல்லை நீங்கள்?"

"யாரும் கேக்கலீங்களே சேர்."

அந்தக் கொப்பியை வைத்துத்தான் இரண்டாவது கட்டுரை எழுதப்பட்டது. முதலாவதைவிடப் பெரியது. இம்முறை புரூஃபை நான் தனியாகப் படிக்கவில்லை. நான் எண்களைச் சத்தமாக வாசிக்க, ஸவாஹிர் நானா மூலப்பிரதியில் விரல் வைத்துச் சரிபார்த்தார். வேலையை விடும்வரை அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை.

கட்டுரையோடு அனுப்பும் படிவத்தில் எழுதியவர்களின் பெயருக்கு நேரே தகைமை, அதாவது படித்த பட்டம், என்று ஒரு கட்டம். சேர் தன் பெயருக்குக் கீழே ஞானமுத்துவின் பெயரையும் போடச் சொன்னார். நான் போன் செய்து கேட்டேன்.

"தகைமைன்னா? நான் டிஸ்பென்சர் பாஸ் பண்ணவன் மிஸ். அது ஒரு பட்டம் இல்லியே. எம்பேரு வேணாம். அசிங்கமாயிரும், சேருக்கு."

சேரிடம் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கித் தானே எழுதினார்: தோட்ட டிஸ்பென்சர், மடுல்கெல்லை. அந்தக் கண்ணாடி அலுமாரியில் இருந்த அத்தனை வருடத் தொகுதிகளிலும் டிஸ்பென்சர்மார் வருகிறார்கள். 'உதவியாளர் ஒருவர்' என்று வருகிறார்கள். பெயரோடு வந்தவர் ஒருவரைக்கூட நானும் நானாவும் கண்டதில்லை. இதழிலிருந்து ஒரு கேள்வி வந்தது: இரண்டாவது கட்டுரையாளருக்குப் பட்டம் எதுவும் குறிப்பிடவில்லையே, விடுபட்டதா? சேர் ஒரு வரியில் பதில் எழுதினார். விடுபடவில்லை, குறிப்புகள் அவருடையவை.

அச்சில் வந்தது.

இதழ் கிடைத்த மாதம், சங்கத்தின் கூட்டத்துக்குத் தோட்ட டிஸ்பென்சர்மாரையும் மிட்வைஃப்மாரையும் அழைத்தோம். பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தோம். கலஹா பஸ்ஸிலும் மடுல்கெல்லை பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்களை எண்ணி முடியவில்லை. சிலர் கையில் கொப்பியோடு வந்திருந்தார்கள். அட்டைப்பூச்சி கடித்தது, விறகு வெட்டிக் காயப்பட்டது, பிரசவத்தில் கண்டது என்று ஒவ்வொருவரும் வருடக் கணக்கில் எழுதி வைத்தவை. கதிரைகள் போதவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டொக்டர்மார் எழுந்து இடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஞானமுத்து பேச எழுந்தார்.  தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

இன்று அந்த இதழைத் தாளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. திரையில் வருகிறது. புரூஃபும் திரையில் வருகிறது. ஐந்து நாள் அவகாசம் இரண்டாகிவிட்டது. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பிழை விடுவீர்கள். நானும் விட்டேன், பன்னிரண்டு வருடம் இதழை நடத்தியவரும் விட்டார். பிழை தெரிந்த அன்றே அது போய்ச் சேர்ந்த கடைசி வீடுவரை போங்கள். பஸ் இல்லாவிட்டால் நடந்து போங்கள். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள்.